கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

சென்னிமலையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், நொய்யல் ஆற்றங்கரையில், கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்படும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. 1985-ஆம் ஆண்டு முதல் இங்குப் பலமுறை நடந்த அகழாய்வுகளில் நீலக்கல், பெரில், சூதுபவளம் முதலிய கற்களில் செய்த மணிகள் கிடைத்தன. அவற்றோடு சங்கு வளையல்களும், வளையல் அறுத்தபின் எஞ்சிய சங்குத் துண்டுகளும் கிடைத்தன. சங்கு கடலில் அல்லவா விளைகிறது? கொடுமணலுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே நடைவழி 300 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொங்கு நாட்டுக்குக் கடல் வந்து சேர்ந்துவிட்டது எனலாம். ஆனால் வந்தது ஓடு மட்டுமே. உள்ளிருந்த உயிர் வரவில்லை.

அந்த உயிரையும் சேர்த்துக் கொண்டுவர மனிதன் கற்றுக்கொண்டது மிக அண்மையில்தான். இன்று சென்னிமலையில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு வீட்டின் கூடத்தில்கூட, நூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றில் கடல்மீன் வளர்க்க இயலும். கருவிகளும் உப்புக் கலவையும் விலைக்குக் கிடைக்கின்றன. எனினும், இத்தகைய தொட்டியை ஆசையோடு அமைக்கும் பலருக்கு ஒரு மாதத்தில் ஏமாற்றமே மிஞ்சுகிறது. நீர் தெளிவாக இருக்கிறது, மூன்று நான்கு வண்ண மீன்கள் ஒரு மூலையில் நிற்கின்றன, வேறெதுவும் நிகழ்வதில்லை. தொட்டி உயிரற்றுத் தோன்றுகிறது. உடனே, "இன்னும் நான்கு மீன் வாங்கிவிட்டால் கலகலப்பாகிவிடும்" என்று எண்ணுகிறோம். வாங்கி விடுகிறோம். அடுத்த வாரம் அவை ஒவ்வொன்றாக மிதக்கின்றன.

இந்தத் தவறு 170 ஆண்டு வயதுடையது. இதற்கான விடையும் ஏறக்குறைய அதே வயதுடையதுதான். அது கண்டுபிடிக்கப்பட்டு, மறக்கப்பட்டு, மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வரலாற்றை அறிந்தவர் தம் தொட்டிக்கு என்ன தேவை என்பதைத் தாமே அறிந்துகொள்வார்.

கடலுயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்து முறையாக ஆராய்ந்தவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் பிரெஞ்சுப் பெண்மணியான ஜான் வில்ப்ரூ-பவர். சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் வாழ்ந்த அவர், 1832-ஆம் ஆண்டளவில் கண்ணாடித் தொட்டிகள் செய்து, அவற்றில் ஆர்கோநாட் என்னும் எண்காலியை வளர்த்தார். அது தன் ஓட்டைப் பிற உயிரிடமிருந்து கவர்வதில்லை, தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று மெய்ப்பித்தார். ஆனால் அவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது. நம்மைப் போல் கடலுக்கு அப்பால் இருந்தவர் ஆனா தைன்.

இவர் இலண்டனில் வாழ்ந்த ஒரு மதகுருவின் மனைவி. 1846-இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள டார்க்கி என்னுமிடத்துக்குச் சென்றிருந்தபோது, பாறை இடுக்குகளில் கிண்ணம் போன்ற சிறு பவளங்கள் உயிரோடிருப்பதைக் கண்டார். அவற்றை இலண்டனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றிவிட்டது. வழியில் ஒன்றோடொன்று மோதி உடையாமலிருக்க, ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு கடற்பஞ்சின்மேல் தைத்து, கடல்நீர் நிரம்பிய கல் ஜாடியில் வைத்து எடுத்துச் சென்றார்! வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. ஜாடி நீரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். புதுக் கடல்நீர் வேண்டியபோதெல்லாம் கிடைக்காது. ஆகவே வேலைக்காரப் பெண்ணைத் திறந்த சன்னலருகே நிறுத்தி, நாள்தோறும் அரைமணி முக்கால்மணி நேரம் அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். சூடான பாலை நம் வீடுகளில் ஆற்றுவோமே, அது போல. பவளங்கள் பிழைத்தன. கடல்நீர்த் தொட்டிக்குக் காற்றூட்டிய முதல் இயந்திரம் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கைகளே. அப்பெண்ணின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

அடுத்த ஆண்டு தைன் அம்மையார் கடற்கரையிலிருந்து வேறொன்றை வரவழைத்தார். கடற்பாசி முளைத்திருந்த கற்களும் கிளிஞ்சல்களுமே அவை. பாசி ஒளியில் ஆக்சிஜனை வெளிவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் கல்லோடு கல்லாக வேறு பலவும் வந்து சேர்ந்தன. புழுக்கள், நுண்ணிய நண்டினங்கள், கடற்பஞ்சுகள் என்று அவர் கேளாத விருந்தாளிகள் பலர் ஜாடிக்குள் குடியேறினர். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் இலண்டன் வேதியியலறிஞர் ராபர்ட் வாரிங்டன் நன்னீரில் ஒரு சோதனை செய்தார். ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். செடி ஆக்சிஜன் தரும். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி கொள்ளும். இருவரும் ஒருவரையொருவர் வாழவைப்பர் என எதிர்பார்த்தார். சில நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அப்போது அவர் செய்த காரியம் எளியது: குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன்கள் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் இதனை அவர் வெளியிட்டார். மீனும் செடியும் ஆகிய இருவரால் நடக்காத குடும்பம், நத்தை என்ற மூன்றாமவர் வந்ததும் நடந்தது.

இதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைச் சேகரித்துத் தந்தவர்களுள் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ். 1854-இல் அவர் எழுதிய நூலே 'அக்வேரியம்' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது. அவர் செய்த மற்றொரு பணி நமக்கு இன்னும் முக்கியமானது. சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் நன்னீரில் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்து காட்டினார். கடலில்லா ஊரிலும் கடல்மீன் வளர்க்கலாம் என்ற கதவு அன்று திறந்தது.

இங்கே ஒரு சொல். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றில் சோடியமும் குளோரைடும் நூற்றுக்கு 85 பங்குதான். எஞ்சியவை மெக்னீசியம், சல்பேட்டு, கால்சியம், பொட்டாசியம் முதலியன. அவை இல்லாத உப்புநீர் கடல்நீராகாது. கடைத் தெருவின் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் மீன் வாழாது. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கி, சுற்றியுள்ள கிணறுகள் உப்பாகிப் போன துயரத்தை இப்பகுதி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அத்தகைய கிணற்று நீரில் ஏற்கனவே பல உப்புகள் இருக்கும். அதில் கடல் உப்பைக் கலந்தால் கணக்குத் தவறிவிடும். வடித்து எடுத்த நீரோ, சுத்தமாகப் பிடித்த மழைநீரோதான் ஏற்றது.

காஸின் நூல்கள் இங்கிலாந்தில் ஒரு பைத்தியத்தையே கிளப்பிவிட்டன. கூடத்தில் கடல்நீர்த் தொட்டி இல்லாத வீடு கௌரவமற்றது என்ற நிலை வந்தது. விடுமுறை நாட்களில் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குப் போய், உளியும் சுத்தியலும் கொண்டு பாறைகளைப் பெயர்த்து, கண்ணில் பட்ட கடற்சாமந்திகளையெல்லாம் அள்ளி வந்தனர். அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்தன. மீண்டும் போய் அள்ளினர். காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதிய தன்வரலாற்று நூலில், தம் இளமையில் பூத்துக் கிடந்த பாறைக் குளங்கள் இவ்வாறு வெறுமையாகிப் போனதையும், அது கண்டு தந்தை உள்ளம் நொந்ததையும் எழுதியுள்ளார். கடலை நேசிக்கக் கற்றுக்கொடுத்தவரே அதன் சூறையாடலுக்கும் வழிவகுத்தவர் ஆனார்.

தொட்டிகள் ஏன் செத்தன என்பதற்கு அன்று விடை தெரியவில்லை. ஆக்சிஜன் குறைவே காரணம் என்று எல்லாரும் நம்பினர். வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு என்பவர் இலண்டன் கிரிஸ்டல் அரண்மனையில் 1871-இல் திறந்த காட்சியகத்தில், பார்வைத் தொட்டிகளுக்குக் கீழே இருளில் ஒரு பெருந்தேக்கம் அமைத்து, நீரை இடைவிடாது சுற்றிவரச் செய்தார். அது நன்கு வேலை செய்தது. ஏன் என்று முழுமையாக விளங்கியது 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்த பின்னரே. மீனின் கழிவாகிய அம்மோனியா கொடிய நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதன் தீங்கு மிகக் குறைவு. இவ்விரு வகையும் கல், மணல், சுவர் ஆகியவற்றின் மேற்பரப்பில் படிந்து பெருகச் சில வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் அவசரப்பட்டு மீன் விட்டவர் கதை என்னவாகும் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

நம் நாட்டில் இக்கலை எப்போது வந்தது? சென்னை மெரினாக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஒரு கடல்நீர் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகையது அதுவே முதல். ஆளுநர் ஆம்ப்ட்ஹில் பிரபுவின் எண்ணம் அது. திட்டமிட்டவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன். 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலால் இன்று நாம் அறிந்த அதே தர்ஸ்டன், அதற்கு முன்பே இராமேசுவரத் தீவுக்குச் சென்று மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, பவளம் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதியவர். காட்சியகம் 1919-இல் மீன்வளத் துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சுக்கு அஞ்சி மூடப்பட்டது, பிறகு திறக்கப்படவில்லை. பம்பாயில் 1951-இல் தாராபூர்வாலா காட்சியகம் எழுந்தது. சென்னை தன் முதன்மையை இழந்தது. இதை ஒரு சிறு இழப்பாக நான் கருதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னைச் சிறுவர்கள் கண்ணெதிரே கண்ட கடலடி, அவர்களின் பிள்ளைகளுக்கு வெறும் பாடப்புத்தகப் படமாகிவிட்டது.

இனி நம் கதையின் முக்கியமான திருப்பத்துக்கு வருவோம். ஐரோப்பியர் வளர்த்தவை பெரும்பாலும் குளிர்கடல் உயிர்கள். வெப்பக் கடலின் பவளத்திட்டு உயிர்களை எவராலும் நெடுநாள் காக்க இயலவில்லை. காரணம், தைன் அம்மையாரின் சிறு பவளம் இரையை மட்டுமே நம்பி வாழ்வது. இலண்டன் மங்கல் ஒளியிலும் பிழைக்கும். திட்டுகளைக் கட்டும் பவளமோ தன் உடலுக்குள் நுண்ணிய பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. அவை ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு தருகின்றன. ஒளி குறைந்தாலும், வெப்பம் மிகுந்தாலும் இந்தக் கூட்டு முறிகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வளர்ப்போர் கண்ட வழி, எல்லாவற்றையும் கழுவித் துடைப்பது. செத்த பவளத்தை வெளுத்து வெள்ளையாக்கி அடுக்கினர். பாசி தோன்றினால் சுரண்டினர். நோய் வந்தால் தாமிர மருந்து ஊற்றினர். தொட்டி மருத்துவமனை போல் சுத்தமாயிருந்தது. உயிர்தான் நிலைக்கவில்லை.

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்னும் மீன்வளர்ப்பு ஆர்வலர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். கடலில் கிடந்த துளைகள் நிறைந்த கற்களை, அவற்றின் மேலிருந்த உயிர்களைக் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து தொட்டியில் வைத்தார். இயற்கையான கடல்நீர், நல்ல வெளிச்சம், ஒரு குழாயிலிருந்து மெல்லக் கிளம்பும் காற்றுக் குமிழ்கள், இவ்வளவே. வடிகட்டி ஏதுமில்லை. அவர் தொட்டியில் மீன்கள் மட்டுமல்ல, பவளங்களும் வாழ்ந்தன. 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் இம்முறையை அவர் விளக்கினார். நம்பியவர் சிலரே. 1970-களிலும் 80-களிலும் ஜெர்மானிய, சுவிஸ் ஆர்வலர்கள் அதே 'உயிர்க்கல்'லை மையமாக வைத்து வெற்றி கண்ட பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது.

அந்தக் கல்லில் என்ன இருக்கிறது? மேற்பரப்பில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வேறு பாக்டீரியாக்கள். அவை நைட்ரேட்டையும் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன. இடுக்குகளில், எஞ்சிய இரையைத் தின்னும் புழுக்களும் நுண்ணிய நண்டினங்களும். அவற்றின் குஞ்சுகள் இரவில் நீந்தும்போது மீனுக்கும் பவளத்துக்கும் இரையாகும். 1847-இல் தைன் அம்மையாரின் ஜாடிக்குள் பாசிக்கல்லோடு வந்த அந்தக் கேளாத விருந்தாளிகளை நினைவிருக்கிறதல்லவா? 114 ஆண்டுகளுக்குப் பின் அவர்களே வீட்டுக்காரர்கள் என்பது தெரிந்தது.

ஆனால் இந்த அறிவு மீண்டும் பழைய விபத்தைக் கொண்டுவந்தது. உயிர்க்கல்லையும் பவளத்தையும் மீனையும் டன் கணக்கில் வெட்டியெடுக்கும் வணிகம் வளர்ந்தது. பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்தே பவள இடுக்குகளில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தனர்; மீன் மயங்கும்போது பவளம் இறந்தது. நம் மன்னார் வளைகுடாவில் நடந்தது வேறு வகை. தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளக் கற்களைப் பல்லாண்டுகள் தோண்டியெடுத்தனர். அலையைத் தடுத்த திட்டு குறைந்ததால் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு சிறு தீவுகள் கடலுள் மறைந்தன. 2004 சுனாமிக்குப் பிறகே, திட்டு ஊரைக் காக்கும் சுவர் என்பது கரைவாழ் மக்களுக்கு உறைத்து, தோண்டல் நின்றது. எஞ்சியவற்றையும் வெப்பம் விடவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன.

1986-இல் இவ்வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் திட்டுகட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே, வாசகர்களே, இராமேசுவரம் போய்வரும்போது கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட எடுத்துவராதீர்கள். இது கடுமையானது என்று சிலர் குறைப்படுகிறார்கள். இரு தீவுகளை இழந்த பிறகு இயற்றிய விதி கடுமையாகத்தானே இருக்கும்?

அப்படியானால் பவளமில்லாத நம் தொட்டி கலகலப்பாவது எப்படி? வரலாறு தந்த விடையைத்தான் கையாள வேண்டும்: மீனைக் கூட்டாதீர்கள், மீனுக்குக் கீழேயுள்ள உயிர்களைக் கூட்டுங்கள்.

சிமெண்டோடு உடைத்த கிளிஞ்சலைக் கலந்து, குகையும் துளையுமாகக் கல் வார்த்துக்கொள்ளலாம். அதை ஓரிரு மாதங்கள் நன்னீரில் போட்டு, நீரை மாற்றி மாற்றிக் காரம் போக்க வேண்டும். மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் ஆகாதா என்று கோவை நண்பர்கள் கேட்கக்கூடும். கேடில்லை, ஆனால் அது பளிங்குபோல் இறுகியது, துளை குறைவு. பூங்கா எல்லைக்கு வெளியே மீனவர் வலையில் சிக்கி வரும் கடற்பாசிக் கொத்து ஒன்றைக் கடல்நீரோடு எடுத்துவந்து இடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களும் புழுக்களும் உங்கள் வெறுங்கல்லை ஆறு மாதத்தில் உயிர்க்கல்லாக்கிவிடும். பிறகு நத்தைகள் சில. ஓடு மாற்றிக்கொண்டு சண்டையிடும் துறவி நண்டுகள் இரண்டு. இவை மீனைவிடச் சுவையான காட்சி என்பது என் எண்ணம். ஒருவகை உளுவை மீனும் சொடுக்கு இறாலும் ஒரே வளையில் வாழ்வதுண்டு. பார்வை மங்கிய இறால் வளை தோண்டிக்கொண்டேயிருக்கும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பை மீனின்மேல் வைத்தே வெளியே வரும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் உள்ளே பாயும். இதற்கு இரண்டு அங்குல மணலே போதும்.

கொங்கு நாட்டுக் கோடையில் தொட்டி சூடேறும். நீரின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸை ஒட்டியிருப்பது நலம். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றைச் சுழலவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். நம் பகுதியின் வறண்ட காற்றில் இது நன்றாகவே பலிக்கும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பன்று. ஆதலால் குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றினால் தொட்டி நாளுக்கு நாள் ஊறுகாய்ப் பானையாகும்.

மீன் வேண்டுமென்றால் கோமாளி மீன் இணை ஒன்று போதும். மண்டபம், விழிஞ்ஞம், பரங்கிப்பேட்டை ஆகிய இடங்களிலுள்ள கடல் ஆய்வு நிலையங்கள் இவற்றைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்துள்ளன. பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். அது கடலிலிருந்து பிடித்ததைவிடத் தொட்டிக்குப் பழகியது, எந்தத் திட்டும் அதற்காக உடையவில்லை. இணையில் பெரியது பெண், சிறியது ஆண். பெண் இறந்தால் ஆண் சில மாதங்களில் பெண்ணாக மாறிவிடும்! நிலை நன்றாக அமைந்தால் ஒருநாள் கல்லின் ஓரத்தில் ஆரஞ்சு நிற முட்டைகளைப் பூசியதுபோல் வைக்கும். ஆண்மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காத்து நிற்கும். ஏழெட்டு நாளில் முட்டைகள் வெள்ளி நிறமாகிக் கண்கள் தெரியும். அன்று மாலை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் காத்திருங்கள். ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் அவை பொரிந்து, ஊசிமுனைக் குஞ்சுகள் மேல்நோக்கி நீந்தத் தொடங்கும்.